ஓட்டக் காலணி வாங்கும்முன் பாதத்தை அளந்து பாருங்கள்

கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலோ பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றியோ காலை நேரத்தில் ஓடுவோரின் கால்களைச் சற்றுக் கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். காலணிகளின் அடிப்பகுதி தடித்துக்கொண்டே போகிறது. முன்பு ஒரு விரல் தடிமனில் இருந்தது, இப்போது இரண்டு விரல் உயரத்துக்கு நிற்கிறது. பார்த்தால் கனமாக இருக்கும்போலத் தோன்றும். கையில் எடுத்தால் ஒரு காலணி 250 கிராமை ஒட்டித்தான் இருக்கும். சில அதற்கும் குறைவு.

கனமெல்லாம் விலையில்தான். அன்றாடப் பயிற்சிக்கான ஒரு நல்ல ஜோடி 200 வெள்ளியை ஒட்டி விற்கிறது. போட்டிக்கென்றே செய்யப்பட்டவை 300 வெள்ளியைத் தாண்டுகின்றன.

நம்மில் பலர் ஓடத் தொடங்குவது விளையாட்டு ஆசையால் மட்டுமல்ல. சர்க்கரை கூடிவிட்டது, எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகு நாற்பது வயதுக்குமேல் முதன்முறையாக ஓட்டக் காலணி வாங்குவோர் இருக்கிறார்கள். முழுநேர தேசிய சேவையை முடித்த பின்னரும் ஐபிபிடி உடலுறுதித் தேர்வுக்காக 2.4 கி.மீ. ஓட வேண்டிய இளையர்கள் இருக்கிறார்கள். ஆண்டிறுதி நெட்டோட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பயிற்சி செய்யும் தம்பதியர் இருக்கிறார்கள். இவர்களில் சிலருக்கு இரண்டே மாதத்தில் கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும், அல்லது குதிகாலில் கொப்புளம், கெண்டைக்காலில் வலி. காலணி அடுக்கில் புதுக்கருக்குக் குலையாமல் கிடக்கும், ஓட்டமும் நின்றுபோகும். "அந்த பிராண்ட் சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் குறை பிராண்டில் இல்லை. அளவிலும் அகலத்திலும், எந்த வேலைக்கு எந்தக் காலணி என்ற தேர்விலும்தான் இருக்கிறது.

தடித்தும் எடை குறைந்தது எப்படி?

ஓட்டக் காலணியின் உயிர் அதன் நடுப்பகுதியில் இருக்கிறது. தரையைத் தொடும் ரப்பருக்கும் பாதத்துக்கும் இடையில் உள்ள நுரை அடுக்கை மிட்சோல் என்பார்கள். 1970களிலிருந்து நெடுங்காலம் இவிஏ எனப்படும் நுரையே இந்த இடத்தில் இருந்துவந்தது. மலிவானது, இலேசானது, ஆனால் மிதிக்க மிதிக்கத் தட்டையாகிப்போவது.

2009ஆம் ஆண்டு இதில் வேடிக்கையானது. வெறுங்காலில் ஓடுவதே இயற்கை என்ற எண்ணத்தைப் பரப்பிய கிறிஸ்டஃபர் மெக்டூகலின் 'பார்ன் டு ரன்' நூல் அந்த ஆண்டுதான் வெளிவந்தது. மெல்லிய அடிப்பகுதி கொண்ட காலணிகள் சில காலம் கொடிகட்டிப் பறந்தன. அதே 2009ல்தான் பிரான்சில் ஹோகா நிறுவனம் தொடங்கப்பட்டு, நேர் எதிராக, மெத்தை வைத்தாற்போன்ற காலணிகளை விற்க வந்தது. எந்தப் பக்கம் வென்றது என்பதை இன்று எந்தப் பூங்காவிலும் பார்க்கலாம்.

2013ல் அடிடாஸ், டிபியு என்ற பொருளின் சிறுமணிகளை ஒட்டவைத்துச் செய்த 'பூஸ்ட்' நுரையைக் கொண்டுவந்தது. நன்றாக எம்பித் தந்தாலும் அது சற்றுக் கனம். 2017ல் நைக்கி 'வேப்பர்ஃபிளை' காலணியில் பீபா என்ற வகை நுரையை வைத்து, நடுவில் கார்பன் இழைத் தகடு ஒன்றையும் சேர்த்தது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் முன்மாதிரியைச் சோதித்து வெளியிட்ட கணக்கு தெளிவானது. அழுத்தும்போது உள்வாங்கும் ஆற்றலில் அந்த நுரை ஏறத்தாழ 87 விழுக்காட்டைத் திருப்பித் தந்தது. உடன் சோதிக்கப்பட்ட பூஸ்ட் காலணி ஏறத்தாழ 76 விழுக்காடு, வழக்கமான நுரை கொண்ட மற்றொரு போட்டிக் காலணி 65 விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடுதல். அதன்பின் மற்ற நிறுவனங்களும் முந்திக்கொண்டன. இப்போது நுரைக்குள் உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் போன்ற வாயுவைச் செலுத்தி நுண்ணிய குமிழிகளை உருவாக்குகிறார்கள். குமிழி கூடினால் எடை குறையும். இதனால்தான் தடிமனைக் கூட்டியும் எடையைக் குறைக்க முடிந்தது.

எடை ஏன் முக்கியம்? ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கு வேண்டிய ஆக்சிஜன் ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட கணக்கு. இதை இப்படியும் பார்க்கலாம்: 280 கிராம் காலணியை விட்டு 230 கிராம் காலணிக்கு மாறினால் மிச்சமாவது அரை விழுக்காடு. வேகமாக ஓடுபவருக்கு அது பெரிது. வாரத்தில் மூன்று நாள் மெதுவோட்டம் போகிறவருக்கு அந்த 50 கிராமுக்காகக் கூடுதலாக 80 வெள்ளி கொடுப்பது தேவையா என்பது அவரவர் பணப்பை சொல்ல வேண்டியது.

நான்கு விழுக்காடு யாருக்கு?

கடைகளில் 'நான்கு விழுக்காடு வேகம்' என்று ஒரு பேச்சு அடிபடும். அது கொலராடோ ஆய்விலிருந்து வந்தது. உண்மையில் அங்கு அளக்கப்பட்டது வேகம் அல்ல, ஓடுவதற்குச் செலவான ஆற்றல். அது சராசரியாக நான்கு விழுக்காடு குறைந்தது. ஆய்வில் பங்கேற்றவர்கள் 18 பேர், எல்லாரும் நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள். ஓடிய வேகம் மணிக்கு 14, 16, 18 கி.மீ. மணிக்கு 14 கி.மீ. என்பது ஒரு கிலோமீட்டரை நான்கே கால் நிமிடத்தில் முடிப்பது. நம்மில் எத்தனை பேர் அப்படி ஓடுகிறோம்?

மெதுவாக ஓடுவோரிடம் இதே வகைக் காலணி என்ன செய்கிறது என்று 2023ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு பார்த்தது. மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் மிச்சம் சராசரியாக 1.4 விழுக்காடு. 10 கி.மீ. வேகத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. அதிலும் ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு. சிலருக்குப் பயனே இல்லை.

ஐபிபிடி எழுதும் தம்பிகளுக்கு இதைக் கணக்காகப் போட்டுக் காட்டலாம். 2.4 கி.மீ. தூரத்தை 12 நிமிடத்தில் முடிப்பவரின் வேகம் சரியாக மணிக்கு 12 கி.மீ. அந்த 1.4 விழுக்காடு அப்படியே நேரமாக மாறினால்கூட மிச்சம் பத்து வினாடி. மாறாமலும் போகலாம். வாரத்துக்கு இரண்டு முறை ஒழுங்காக ஓடிப் பழகுபவர் இரண்டு மாதத்தில் அதைவிடப் பன்மடங்கு குறைத்துவிடுவார்.

இதற்காகத் தகடு வைத்த காலணியை வீண் என்று சொல்லிவிட முடியாது. உயர்மட்டப் போட்டிகளில் அது விளையாட்டையே மாற்றிவிட்டது. உலகத் திடல்தட அமைப்பு 2020ல் தலையிட்டு, சாலை ஓட்டக் காலணியின் அடிப்பகுதி 40 மி.மீட்டருக்குமேல் தடித்திருக்கக்கூடாது, ஒரு தகட்டுக்குமேல் இருக்கக்கூடாது என்று வரம்பு போட வேண்டியதாயிற்று. 2023 செப்டம்பரில் எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசேஃபா பெர்லினில் 2 மணி 11 நிமிடம் 53 வினாடியில் ஓடி மகளிர் உலகச் சாதனை படைத்தபோது அவர் அணிந்திருந்த காலணியின் எடை வெறும் 138 கிராம். அதன் விலை 500 அமெரிக்க டாலர்.

இங்கே நம்மவர் ஒருவரையும் நினைத்துப் பார்க்கலாம். 1995ல் சியாங் மாய் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் எம். ரமேஷன் 2 மணி 24 நிமிடம் 22 வினாடியில் நெட்டோட்டத்தை முடித்து சிங்கப்பூரின் தேசியச் சாதனையைப் படைத்தார். 2019 ஜனவரியில் சோ ருய் யோங் 2:23:42ல் ஓடும்வரை அது முறியடிக்கப்படவில்லை. 23 ஆண்டுகளுக்குமேல். ரமேஷன் ஓடிய காலத்தில் கார்பன் தகடும் இல்லை, பீபா நுரையும் இல்லை.

ஒரே பாதம், வேறு வேறு எண்

இனி அளவுக்கு வருவோம். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

"நான் யுகே எட்டு" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அந்த எட்டு எந்த நிறுவனத்தின் எட்டு? ஆண்களுக்கான 27 செ.மீ. காலணியை எடுத்துக்கொள்வோம். நைக்கியிலும் ஆசிக்ஸிலும் அது யுஎஸ் 9, யுகே 8. அடிடாஸில் யுஎஸ் அளவு அதே 9தான், ஆனால் யுகே எட்டரை. ஐரோப்பிய எண்ணோ முதலிரண்டில் 42.5, அடிடாஸில் 42 2/3. நைக்கியில் யுகே 8 அணிந்து பழகியவர் அடிடாஸிலும் யுகே 8 கேட்டால் அரை அளவு சிறியதை வாங்கிவிடுவார். அரை அளவு என்பது ஏறத்தாழ 4 மி.மீ. எண்ணிக்கையில் சின்னது, நகத்துக்கு அது பெரியது.

பிரிட்டிஷ் முறையில் ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.5 மி.மீ. அளவு. பழங்காலத்தில் ஒரு பார்லி மணியின் நீளத்தை வைத்து வந்த கணக்கு அது. ஐரோப்பிய முறையில் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரு பங்கு, அதாவது 6.7 மி.மீ. அளவு. இரண்டும் எங்கும் ஒன்றோடு ஒன்று சரியாகப் பொருந்தாது. ஆகவே காலணியின் நாக்குப்பகுதியின் உள்ளேயோ பெட்டியின் மேலோ உள்ள சென்டிமீட்டர் எண்ணைப் பாருங்கள். அந்த ஓர் எண்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் ஓரளவாவது ஒத்துப்போகும். ஜோகூர் பாருவில் மலிவாகக் கிடைக்கிறது என்று உறவினரிடம் சொல்லி வாங்கச் சொல்பவர்களும், இணையத்தில் வாங்குபவர்களும் இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாதத்தை அளப்பது ஐந்து நிமிட வேலை. மாலையில் அளக்க வேண்டும், ஏனென்றால் நாள் முழுவதும் நின்று நடந்த பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும், நம் வெப்பத்தில் இன்னும் அதிகம். ஒரு தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைத்து, ஓடும்போது போடும் அதே காலுறையை அணிந்து, குதிகால் சுவரில் படும்படி முழு எடையையும் ஊன்றி நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் நீளம் குறைவாகக் காட்டும். எந்த விரல் நீண்டிருக்கிறதோ அதன் நுனியில் கோடு போடுங்கள். பலருக்குக் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளமாக இருக்கும். இரண்டு கால்களையும் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே நீளமாக இருப்பவர்கள் குறைவு, பெரிய காலுக்குத்தான் காலணி வாங்க வேண்டும்.

கடையில் அணிந்து நின்றபின், நீண்ட விரலுக்கும் காலணி முனைக்கும் இடையில் கைக் கட்டைவிரலின் அகலம் இருக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். பெரும்பாலோருக்கு இது அலுவலகக் காலணியைவிட அரை அளவு பெரிதாக வரும். 'இறுக்கமாக இருந்தால்தான் ஓடும்போது கழலாது' என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. கழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது குதிகாலும் நடுப்பாதமும். விரல்களுக்கு அசைய இடம் வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. வளர்ந்துவிடுவான் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிடுகிறோம். அதில் கால் முன்னும் பின்னும் வழுக்கும், கொப்புளம் வரும், தடுக்கி விழவும் கூடும். ஒரு கட்டைவிரல் அகலம் விட்டால் போதும், சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அண்ணன் தேய்த்த ஓட்டக் காலணியைத் தம்பிக்குக் கொடுப்பதையும் தவிர்க்கலாம். நுரை அண்ணனின் காலுக்கேற்ப அமுங்கியிருக்கும்.

அகலமான பாதங்கள்

நீளத்தைக் கேட்பவர்கள் உண்டு, அகலத்தைக் கேட்பவர்கள் அரிது. ஆனால் நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். இதற்கு ஆய்வு அடிப்படையும் இருக்கிறது. பெல்ஜிய ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்தே வளர்ந்தவர்களின் பாதங்களை அளந்து 2009ல் வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களைவிட அவர்களின் பாதம் அகலமாகவும், அழுத்தம் பாதமெங்கும் கூடுதல் சீராகப் பரவியும் இருந்தது. 1992ல் வெளிவந்த மற்றோர் இந்திய ஆய்வு 2,300 சிறுவர்களைப் பார்த்தது. காலணி அணிந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம், அணியாதவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே. ஊரில் வெறுங்காலோடு ஓடித் திரிந்து பின்னர் இங்கு வந்தவர்களும், வீட்டில் வெறுங்கால் வெளியில் செருப்பு என்று வாழ்பவர்களும், குறுகிய முனை கொண்ட காலணிக்குள் காலை நுழைக்கும்போது சுண்டுவிரல் முறையிடுவதில் வியப்பில்லை.

அப்போது நாம் செய்வது என்ன? அரை அளவோ ஓர் அளவோ நீளத்தைக் கூட்டிவிடுகிறோம். விரல்களுக்கு இடம் கிடைத்துவிடும், ஆனால் குதிகால் ஆடும், காலணி வளையும் இடமும் பாதம் வளையும் இடமும் ஒன்றாக இருக்காது. இதற்கு அகல வகை என்று தனியாகவே இருக்கிறது. ஆண்களுக்கு வழக்கமானது 'டி'. அதைவிட அகலம் '2இ', இன்னும் அகலம் '4இ'. பெண்களுக்கு வழக்கமானது 'பி', அகலமானது 'டி'. நியூ பேலன்ஸ், ஆசிக்ஸ், புரூக்ஸ், ஹோகா போன்றவை தங்கள் முக்கிய வகைகளில் அகலமானவற்றையும் செய்கின்றன. கடை அலமாரியில் வெளியில் வைத்திருக்க மாட்டார்கள், வாய்திறந்து கேட்க வேண்டும். பெண்களுக்கான அகல வகை கிடைக்காவிட்டால் அதே மாதிரியின் ஆண்கள் காலணியைப் போட்டுப் பார்க்கலாம். யுஎஸ் அளவில் பெண்கள் எண்ணிலிருந்து ஒன்றரையைக் கழித்தால் ஏறத்தாழ ஆண்கள் எண். பெண்களின் 'டி' அகலமும் ஆண்களின் வழக்கமான 'டி' அகலமும் ஒத்து வருபவை. பிள்ளை பெற்ற தாய்மார்கள் பழைய எண்ணை நம்பாமல் மறுபடி அளந்துகொள்வது நல்லது. கருவுற்ற காலத்தில் பாதம் நீண்டு, பின்னரும் அப்படியே நின்றுவிடுவதுண்டு.

அகலத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று. காலணிக்குள் இருக்கும் உள் அட்டையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். பாதத்தின் ஓரம் அட்டைக்கு வெளியே வழிந்தால் அந்தக் காலணி உங்களுக்குக் குறுகல். கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

எடை குறைந்த காலணிகளில் மேல்துணியும் மெல்லியதாக இருக்கும். நம் புழுக்கத்துக்கு அது வரம், ஆனால் பாதத்தைப் பிடித்து வைக்கும் வலு குறைவு. அந்த வேலையை நாடாவிடம் ஒப்படைக்க வேண்டும். கணுக்காலை ஒட்டி மேல்வரிசையில் கூடுதலாக ஒரு துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக இல்லை. நாடாவை அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் உண்டாக்கி, எதிர்ப்பக்க நாடாவை அந்த வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்துக் கட்டினால் குதிகால் நன்றாக அமர்ந்துகொள்ளும். பாதத்தின் மேற்புறம் அழுந்தி விரல் மரத்துப்போகிறவர்கள், அழுத்தும் இடத்தில் மட்டும் ஒரு வரிசையைக் குறுக்கே கட்டாமல் விட்டுவிடலாம்.

மென்மை கூடினால் பாதுகாப்பு கூடுமா?

பலரும் நினைப்பதுபோல் இதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. லக்சம்பர்க் ஆய்வாளர்கள் 848 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்குப் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு வகைக் காலணிகளைக் கொடுத்தார்கள். ஒன்றில் நுரை மென்மை, மற்றதில் கடினம். எது யாரிடம் என்று அணிந்தவர்களுக்குத் தெரியாது. 2020ல் வெளிவந்த முடிவின்படி, கடின வகையை அணிந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் அபாயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆனால் மென்மையால் தெளிவாகப் பயனடைந்தவர்கள் எடை குறைந்தவர்கள். உடல் எடை கூடியவர்களிடம் அந்த வேறுபாடு உறுதியாகத் தெரியவில்லை. "நீங்கள் கனமானவர், ஆக மென்மையானதை வாங்குங்கள்" என்று கடையில் கேட்கும் அறிவுரைக்கு இது பொருந்தவில்லை.

இன்னொரு பக்கம், 2018ல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 12 பேரை வைத்து, தடித்த மெத்தைக் காலணியில் மணிக்கு 14.5 கி.மீ. வேகத்தில் ஓடும்போது தரையிலிருந்து வரும் தாக்கம் வழக்கமான காலணியைவிடக் கூடியதாகக் கண்டார்கள். காலடியில் மென்மை கூடினால் கால் தன்னை விறைத்துக்கொள்கிறது என்பது அவர்களின் விளக்கம். உடம்பு கணக்குத் தெரிந்தது, ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் எடுத்துக்கொள்ளும்.

பாதத்தின் வளைவைப் பார்த்துக் காலணி தருவதும் இப்படித்தான். ஈரக்காலைத் தாளில் பதித்துப் பார்ப்பதும், ஓடுபொறியில் ஓடவிட்டுப் படம் எடுப்பதும் பல காலமாக நடக்கின்றன. அமெரிக்கத் தரைப்படை, ஆகாயப்படை, கடற்படை வீரர் பிரிவு ஆகிய மூன்றிலும் புதுப் பயிற்சியாளர்களிடம் இதைச் சோதித்தார்கள். வளைவுக்கு ஏற்றபடி காலணி பெற்றவர்களுக்கும், வளைவு எப்படி இருந்தாலும் ஒரே வகைக் காலணி பெற்றவர்களுக்கும் காயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கனடாவின் கால்கேரி பல்கலைக்கழகப் பேராசிரியர் பென்னோ நிக் கடைசியில் வந்து நின்ற இடம் எளிமையானது: அணிந்து ஓடும்போது எது இதமாக இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள்.

நான் அதை ஏற்கிறேன், ஒரு விலக்குடன். நீரிழிவு நெடுநாள் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதத்தை நம்பக்கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு இறுக்கமான காலணிதான் சரியாக இருப்பதுபோல் தோன்றும். கொப்புளம் எழுந்தாலும் தெரியாது, புண்ணாகி ஆறாமல் போன பிறகுதான் தெரியும். சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு விகிதம் அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததே. இவர்கள் எண்ணையும் இதத்தையும் விட்டு, அளந்த நீளத்தையும் உள் அட்டைச் சோதனையையும் மட்டுமே நம்ப வேண்டும். புதுக் காலணியை முதல் நாள் அரை மணி நேரத்துக்குமேல் அணியாமல், கழற்றியவுடன் பாதத்தில் சிவந்த இடம் இருக்கிறதா என்று வீட்டாரைக் கொண்டு பார்க்கச் சொல்ல வேண்டும். பலதுறை மருந்தகத்தில் ஆண்டுக்கொருமுறை செய்யும் பாதப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர்கள், ஓடத் தொடங்கும்முன் அதை முடித்துக்கொள்ளட்டும்.

மூத்தோருக்கும் ஒரு வார்த்தை. பேரப்பிள்ளைகள் அன்போடு வாங்கித் தரும் மிகத் தடித்த, மிக மென்மையான காலணி நடைக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அடிப்பகுதி தடித்து மென்மையாகும்போது மூத்த ஆண்களின் சமநிலை குறைவதாக 1992லேயே கனடிய ஆய்வு ஒன்று காட்டியது. கடையில் ஒற்றைக் காலில் நின்று பாருங்கள், பக்கத்தில் பிடிமானம் வைத்துக்கொண்டு. ஆடினால் வேண்டாம். மெக்ரிட்சி போன்ற வேர்களும் கற்களும் உள்ள காட்டுப்பாதைக்கும் இவ்வகைக் காலணி ஏற்றதல்ல. கணுக்கால் பிசகும்.

குதிகால் பகுதிக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேறுபாடு 4, 5 மி.மீ. என்று குறைந்தால் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணுக்கும் வேலை கூடும். 10 மி.மீ. போல் கூடினால் சுமை முழங்கால் பக்கம் நகரும். ஒரே பெயரில் வரும் காலணியில்கூட இது மாறும். ஹோகாவின் 'கிளிஃப்டன்' ஒன்பதாம் பதிப்பில் 5 மி.மீ. ஆக இருந்த வேறுபாடு பத்தாம் பதிப்பில் 8 மி.மீ. ஆகிவிட்டது. பழையது பிடித்திருந்தது, அதே பெயர்தானே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. புதியதற்கு மாறும்போது முதல் இரண்டு மூன்று வாரம் குறைந்த தூரம் ஓடிப் பழக்குங்கள்.

நம் வெயிலும் மழையும்

அடுக்கில் பத்திரமாக வைத்திருந்த காலணியை ஓராண்டு கழித்து எடுத்துப் போட்டதும் அடிப்பகுதி பொடிப்பொடியாக உதிர்வதைப் பலர் பார்த்திருப்போம். அது பாலியூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரப்பதம் அதன் பிணைப்புகளைச் சிதைத்துவிடுகிறது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இது நிற்காது. மலையேறும் காலணிகளிலும் சில பழைய வகைகளிலும் இது அதிகம். இவிஏ நுரை இப்படி உதிராது, ஆனால் ஒட்டுப்பசை விட்டுப்போகலாம். மலிவு விற்பனையில் மூன்று ஜோடி வாங்கிச் சேர்த்து வைப்பது நம் தட்பவெப்பத்துக்கு நல்ல யோசனை அல்ல.

வெப்பமும் நுரையைப் பாதிக்கும். சூட்டில் இவிஏ இளகும், குளிரில் விறைக்கும். காரின் பின்பெட்டியில் நாள் முழுவதும் கிடந்த காலணி ஒட்டுப்பசையும் இழந்து வரும். மழையில் நனைந்தால் வெயிலில் வைக்காமல், துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடாமல், உள் அட்டையைத் தனியே எடுத்துவிட்டு உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். சில மணி நேரத்தில் தாளை மாற்றினால் ஒரே இரவில் காய்ந்துவிடும். அச்சிட்ட நாளிதழ் வாங்குவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பயிற்சிக் காலணி ஒன்றின் ஆயுள் பொதுவாக 500 முதல் 800 கி.மீ. என்பார்கள். வாரம் 20 கி.மீ. ஓடுபவருக்கு அது ஆறு முதல் ஒன்பது மாதம். அடி ரப்பர் தேயாமல் இருந்தாலும் நுரை செத்துப்போயிருக்கலாம். பக்கவாட்டில் நுரையில் ஆழமான மடிப்புகள் நிலைத்துவிட்டாலோ, சமதரையில் வைத்தால் காலணி ஒருபக்கம் சாய்ந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. வசதி இருந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றி ஓடலாம். 264 பேரை 22 வாரம் கவனித்த ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட காலணிகளை மாறி மாறிப் பயன்படுத்தியவர்களுக்குக் காயம் ஏற்படும் அபாயம் 39 விழுக்காடு குறைவாக இருந்தது. ஈரம் காய ஒரு நாள் கிடைப்பது கூடுதல் லாபம்.

குவீன்ஸ்வே கடைத்தொகுதிக்கோ வேறெங்குமோ போகும்போது மாலையில் போங்கள், ஓடும் காலுறையையும் பழைய காலணியையும் எடுத்துச் செல்லுங்கள். தேய்ந்த இடத்தைப் பார்த்தால் அனுபவமுள்ள கடைக்காரருக்கு உங்கள் நடை பாதி புரிந்துவிடும். இரண்டு கால்களிலும் போட்டு, முடிந்தால் கடைக்கு வெளியே கொஞ்சம் ஓடிப் பார்க்க அனுமதி கேளுங்கள். 'போகப் போக இளகிவிடும்' என்று யாராவது சொன்னால் தோல் காலணிக்கு அது சரி. துணியும் நுரையுமான ஓட்டக் காலணி கடையில் கடித்தால் வீட்டிலும் கடிக்கும். வாங்கிய பிறகு அட்டையைக் கிழிக்காமல், ரசீதையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் சுத்தமான தரையில் ஓரிரு நாள் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். மாற்றித் தரும் கடைகள்கூட வெளியில் ஓடி அழுக்கான அடிப்பகுதியைப் பார்த்தால் திருப்பி வாங்குவது அரிது.